சுய ஆதீனங்கள்

சுயாதீனம் என்ற சொல்லைப் பிரித்தால் சுய, ஆதீனம் என்று வரும். ஆதீனம் என்றால் வசம், உடைமை, ஆளுகை. வேறு எவர் வசத்திலும் இல்லாமல் தன் வசத்தில் இருப்பது சுயாதீனம். தமிழில் மடத்துக்கும் ஆதீனம் என்றுதான் பெயர். தருமபுரம் ஆதீனம், திருவாவடுதுறை ஆதீனம், மதுரை ஆதீனம். நம்முடைய சுயாதீனப் படக்களத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டத்தில் இருந்து பார்த்துவருகிறேன். பார்வையாளராக, சப்டைட்டில் திருத்துகிறவளாக, பாட்டெழுதக் கேட்கப்படுகிறவளாக, அங்கே வேலைக்குப் போகும் மாணவிகளின் ஆசிரியையாக. இந்த இரண்டாவது பொருளும் அந்தச் சொல்லுக்குப் பொருந்திவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நடுவில் ஓர் இயக்குநர், சுற்றிலும் சீடர்கள், காணிக்கையாக வந்து விழும் உழைப்பு, கணக்குக் கேட்க முடியாத பீடம். பெரிய ஸ்டுடியோவிடமிருந்தும் நட்சத்திரங்களின் கால்ஷீட்டிலிருந்தும் விடுதலை பெற்றோம் என்கிறார்கள். உண்மைதான். அந்த விடுதலை யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் களம் செய்தது கொஞ்சமல்ல. பெரிய திரை தொடத் தயங்கியதை இது தொட்டது. அமுதன் ஆர்.பி.யின் 'பீ' (2003), மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் கூடவே நடந்தது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்துக்கு 2011இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் அனுமதி வாங்கினார்கள். 2021இல் அந்தத் தீர்ப்பாயத்தையே ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. இனி தணிக்கையோடு சண்டை என்றால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சின்னப் படக்காரர்களில் எத்தனை பேருக்கு அது முடியும்? திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. 2009ஆம் ஆண்டின் பழைய போராட்ட வழக்கொன்றில் அவரைக் கைது செய்தார்கள். தொலைபேசியில் வந்த வசவுகளையும் மிரட்டல்களையும் அவர் தனியாகத்தான் காதில் வாங்கினார். இவ்வளவையும் தாங்கி வந்த களம் என்பதால்தான் அதன் உள்வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எதிரிக்கு இடம் கொடுப்பதாகும் என்று சொல்லி இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வெளியில் இருக்கும் எதிரியைக் காட்டி வீட்டுக்குள் பேச்சை அடக்குவது பெண்களுக்குப் பழகிய உத்தி. குடும்பமும் கட்சியும் சாதிச் சங்கமும் இதையேதான் நம்மிடம் சொல்லிவந்திருக்கின்றன.

முதலில் படங்களிலிருந்து தொடங்குகிறேன். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதைப் பெற்றது. குடிகாரத் தகப்பன் ஒருவன், கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவர மகனையும் இழுத்துக்கொண்டு பொட்டல்வெயிலில் நடக்கும் கதை. நான் அந்தப் படத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது தகப்பனோ மகனோ அல்ல, படத்தின் கடைசிப் பகுதி. தரையில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள் பெண்கள். முறைக்காகக் காத்திருக்கிறார்கள். கேமரா அவசரப்படவில்லை. ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நம்மை உட்காரவைத்துக் காட்டுகிறது. கூலியும் பெயரும் இல்லாத வேலையின் நேரத்தைத் தமிழ்த் திரை இவ்வளவு மரியாதையாக அளந்து காட்டியது அபூர்வம். அவருடைய அடுத்த படமான 'கொட்டுக்காளி' (2024) வேறொரு திசையில் போகிறது. வேற்றுச் சாதிக்காரனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் குடும்பமே ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டுபோகிறது. படம் நெடுக மீனா ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. அவள் பேசாதிருப்பது பணிவு ஆகாது என்று நமக்குத் தெரிகிறது. கூட வருகிற ஆண்களுக்கும் தெரிவதால்தான் அவ்வளவு பதற்றம்.

இந்த இரண்டு படங்களின் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவரவில்லை. இரண்டுக்கும் தயாரிப்பு நிறுவனங்கள் இருந்தன. நான் பேசுவது இவற்றை முன்மாதிரியாகக் கொண்டு மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் ஐந்து நாள், பத்து நாள் படப்பிடிப்பில் எடுக்கப்படும் எண்ணற்ற குறும்படங்களையும் கைக்காசுப் படங்களையும் பற்றி. குடம் நிரம்ப ஆகும் நேரத்தைத் திரையில் அளக்கத் தெரிந்த ஒரு கலைக்களம், தன் படப்பிடிப்பில் குடம் நிரப்புகிறவர்களின் நேரத்தை அளக்கிறதா? திரையில் ஒரு பெண்ணின் மௌனத்தை மறுப்பாக வாசிக்கத் தெரிந்தவர்கள், தளத்தில் ஓர் உதவி இயக்குநரின் மௌனத்தை ஏன் சம்மதமாக வாசிக்கிறார்கள்?

ஒரு சின்னப் படத்தின் செலவுக் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சில முறை கிடைத்திருக்கிறது. மானியத்துக்கோ விழாவுக்கோ அனுப்ப ஆங்கிலத்தில் எழுதித்தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நாள் வாடகை இருக்கும். விளக்குகளுக்கு வாடகை, அவற்றோடு வரும் லைட்மேன்களுக்கு பேட்டா, ஜெனரேட்டருக்கு டீசல், வேனுக்கு வாடகை எல்லாம் காசு பிசகாமல் இருக்கும். ஒளிப்பதிவாளருக்கு ஒரு தொகை. முக்கிய நடிகருக்கு 'அன்பளிப்பு'. உதவி இயக்குநர்கள் என்ற வரிசைக்கு எதிரே பெரும்பாலும் ஒரு கோடு. படம் பிடிக்கும் வீடு இயக்குநரின் அத்தை வீடு, வாடகை இல்லை. மூன்று வேளைச் சமையல் அம்மாவும் அக்காவும். கணக்கில் மளிகைச் சாமான் மட்டும் இருக்கிறது, சமைத்தவர்கள் இல்லை. புடவைகள் மனைவியின் அலமாரியிலிருந்து வந்தவை. அந்த மனைவியே உடை, ஒப்பனை, கன்டினியூட்டி மூன்றையும் பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையையும் பார்த்திருப்பார். இந்தக் கணக்குகளில் ஒரு விதி தெளிவாகத் தெரியும். இயக்குநருக்கு யார் எவ்வளவு தூரமோ அவருக்கு அவ்வளவு நிச்சயமாகப் பணம் போய்ச் சேர்கிறது. நெருக்கம் கூடக்கூடக் கூலி குறைகிறது. அம்மா, மனைவி, காதலி, தங்கை என்று நெருங்கி வந்தால் கூலி பூஜ்ஜியமாகி, டைட்டில் கார்டின் கடைசியில் 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் பெயராகிவிடும். சில சமயம் அதுவும் 'குடும்பத்தினர்' என்ற ஒற்றைச் சொல்லாக.

பணமே இல்லாதபோது எங்கிருந்து கொடுப்பது என்பார்கள். பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பணமில்லை என்று ஜெனரேட்டர்காரரிடம் சொல்லிப் பார்த்தால் அவர் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்படி ஏற்றிக்கொண்டு போக முடியாதவர்களிடம்தான் பணமில்லை என்ற வசனம் சொல்லப்படுகிறது. ஆக, இருக்கிற கொஞ்சத்தை யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவும் படத்தின் அரசியல்தான்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது மொழி என்று தமிழ் படித்தவளாகச் சொல்லுவேன். பெரிய திரைத்துறையில் சார், மேடம். இங்கே தோழர், அண்ணா, தங்கச்சி. கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஒரு பாடல் எழுதித்தரச் சொல்லி வந்த இளைஞரிடம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். "என்ன தோழர், நீங்களுமா?" என்றார். அந்த 'நீங்களுமா'வில் ஒரு முழுச் சித்தாந்தம் இருந்தது. காசு கேட்பவள் சந்தையைச் சேர்ந்தவள். கேட்காதவள் இயக்கத்தைச் சேர்ந்தவள். அதே படத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று முன்பணம் போயிருந்தது. கூடத்தின் சொந்தக்காரரை அவர் தோழர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்.

அண்ணா என்ற சொல் இன்னும் சிக்கலானது. பெண்கள் பாதுகாப்புக்காகத்தான் அதைச் சொல்கிறார்கள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஒரு கோடு போட்டதாக நினைப்பு. ஆனால் அண்ணனுக்கு உரிமைகள் உண்டு. இரவு பதினோரு மணிக்கு வரச்சொல்லலாம், திட்டலாம், யாரோடு பேசுகிறாய் என்று கேட்கலாம். சம்பளம் தர வேண்டியதில்லை; தங்கைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அந்த அண்ணனே கோட்டைத் தாண்டினால், வீட்டு விவகாரத்தை வெளியே சொன்ன பழி தங்கை மேல் வரும்.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த ஒரு மாணவி. யாப்பிலக்கணத்தில் அசை பிரிப்பதில் வகுப்பிலேயே அவளைப் போல் வேகம் யாருக்கும் இல்லை. அந்தத் தாள உணர்வுதான் அவளை எடிட்டிங் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். ஒரு சுயாதீனப் படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, பிறகு எட்டு மாதம் அந்தப் படத்தை எடிட் செய்தாள். இயக்குநரிடமிருந்து இரவில் வரத்தொடங்கிய செய்திகளையும், எடிட்டிங் அறையில் நடந்ததையும் அந்தப் படத்தோடு தொடர்புடைய மூத்தவர்களிடம் சொன்னாள். நான்கு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். ஒருவர் அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். இன்னொருவர் படம் விழாவுக்குப் போகிற நேரம் என்றார். முடிவில், அவள் அலுவலகத்துக்கு வர வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப்போய் வீட்டிலிருந்தே வேலையை முடித்துக்கொடுக்கட்டும் என்று தீர்ப்பு. அதாவது, தவறு செய்தவர் அறையில் இருப்பார், புகார் சொன்னவள் வீட்டுக்குப் போவாள், வேலை மட்டும் நிற்காது. படத்தில் எடிட்டிங் என்ற இடத்தில் இயக்குநரின் பெயர் வந்தது. அவள் பெயர் நன்றிப் பட்டியலில் இருந்தது. இப்போது அவள் சொந்த ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். போன வருடம் பார்த்தபோது சொன்னாள்: "மாசம் பொறந்தா சம்பளம் வந்துருதும்மா. இங்க யாரும் என்னைத் தங்கச்சின்னு கூப்பிடறதில்ல. நிம்மதியா இருக்கு."

இதை ஒரு தனிப்பட்ட துயரமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தமிழ்ப் படக்களம் ஓர் எடிட்டரை இழந்தது. அவள் எடுத்திருக்கக்கூடிய படங்களை நாம் இழந்தோம். 1936இல் டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். தமிழ்ப் பெண்ணுக்கு இயக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்தாயிற்று. பிறகும் ஏன் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது? கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படக்காரர்களுக்கு ஒரு பெரிய வாசலாக இருந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி என்று அந்த வாசல்வழி போனவர்களின் பெயர்களைச் சட்டென்று சொல்கிறோம். பெண் பெயர் ஒன்றைச் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு ஆர்வமில்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். ஆர்வத்தோடு வந்தவர்கள் எந்தப் படியில், யார் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள் என்று தேட வேண்டும்.

பெரிய திரைத்துறை இதைவிட நல்லது என்று சொல்லவில்லை. 2018 அக்டோபரில் மீ டூ எழுந்தபோது பாடகி சின்மயி வெளிப்படையாகப் பேசினார். சில வாரங்களில் டப்பிங் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது. சந்தா கட்டவில்லை என்று சங்கம் காரணம் சொன்னது. அவர் நீதிமன்றம் போனார். அந்தக் கதை நமக்குத் தெரியும். ஆனால் அங்கே நீக்குவதற்கென்றாவது ஒரு பட்டியல் இருந்தது. வழக்குப் போட எதிரே ஒரு சங்கம் இருந்தது. சுயாதீனக் களத்தில் உறுப்பினர் அட்டை இல்லை, ஒப்பந்தம் இல்லை, அலுவலக முகவரி இல்லை. அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் இருந்தால் போதும். ஒரு பெண் நீக்கப்பட்டதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இராது.

பக்கத்து மாநிலத்தில் பெண்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகு, சில மாதங்களில் திரைத்துறைப் பெண்கள் கூடி 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' அமைத்தார்கள். அவர்கள் கொடுத்த அழுத்தத்தில் நீதிபதி ஹேமா தலைமையில், நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி கே.பி. வல்சலகுமாரியும் உறுப்பினர்களாக ஒரு குழு அமைந்தது. 2019 டிசம்பர் கடைசியில் கொடுத்த அறிக்கை, பல பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19இல்தான் வெளியே வந்தது. ஊடகங்கள் நடிகர்களின் பெயர்களைத் தேடி அலைந்தன. நான் அதில் தேடியது கழிப்பறையை. தளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து உபாதைப்படுவதை அறிக்கை எழுதியிருக்கிறது. உடை மாற்ற இடமில்லாததை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததை எழுதியிருக்கிறது. பாலியல் தொல்லையும் கழிப்பறையும் கூலியும் ஒரே அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் அல்ல. கூலி கேட்க முடியாத இடத்தில் வேறு எதையும் கேட்க முடியாது.

இன்னொரு நிகழ்வு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தக் கூட்டமைப்பு போட்ட வழக்கில் 2022 மார்ச் 17இல் கேரள உயர் நீதிமன்றம், படத் தயாரிப்பு அலகும் பணியிடம்தான், அங்கேயும் உள்ளகக் குழு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம். நமக்கும் அதே சட்டம்தான். அதன் வரையறைகளைச் சுயாதீனக் களத்துக்கு எதிரே வைத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்கிறவர், பயிற்சிக்கு வந்தவர், சம்பளமே இல்லாமல் தன்னார்வமாக வந்தவர் எல்லோரும் அந்தச் சட்டத்தில் ஊழியரே. வேலையின் பொருட்டுப் போகிற இடமும், அதற்கு ஏற்பாடு செய்த வண்டியும்கூடப் பணியிடமே. நம் தோழர்கள் 'இது வேலை இல்லை, கூட்டு முயற்சி' என்று சொல்லும்போது சட்டம் 'வேலைதான்' என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே இருந்தாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. நான் பேசிய இளம்பெண்களில் அந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர் எவரும் இல்லை.

சட்டத்தின் போதாமையையும் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். ஒரு சுயாதீனப் படம் படப்பிடிப்பிலிருந்து முதல் திரையிடலுக்குப் போக இரண்டு வருடம் ஆகிறது. பெயர் வருமா, பாக்கி வருமா, விழாவுக்கு அழைப்பார்களா என்பதெல்லாம் அந்த இரண்டு வருடமும் இயக்குநரின் கையில். அவள் வாய் திறக்கக்கூடிய நாள் வரும்போது சட்டத்தின் கதவு மூடியிருக்கும். ஹேமா குழுவே, அதிகாரம் ஒரு சிலரிடம் குவிந்திருக்கும் திரைத்துறையில் உள்ளகக் குழு அவர்கள் கைக்குள் அடங்கிப்போகும் என்று சந்தேகப்பட்டு, தனிச் சட்டமும் தீர்ப்பாயமும் கேட்டது. ஐந்து பேரும் ஒரே அறையில் தங்கும் ஒரு படக்குழுவில் அந்தச் சந்தேகம் இன்னும் பொருந்தும்.

பெண் என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு போவதும் போதாது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக, தலித் பெண்ணான பி.கே. ரோஸியை ஆதிக்கசாதியினர் விரட்டினார்கள். அவர் தப்பி வந்து மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தது நாகர்கோவிலில். தான் நடித்தவர் என்ற சுவடே இல்லாமல் வாழ்ந்தார். இன்று கேரளப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறார்கள். சென்னையில் நீலம் அவர் பெயரில் விழா நடத்துகிறது. பெயர் சூட்டுவது நல்லது. கூடவே, கூலி இல்லாமல் இரண்டு வருடம் 'கற்றுக்கொள்ள' யாரால் முடியும் என்றும் கேட்க வேண்டும். சென்னையில் சொந்த வீடும் சம்பாதிக்கும் அப்பாவும் இருக்கும் பெண்ணால் முடியும். விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண்ணால் முடியாது. கூலியில்லா உழைப்பு நுழைவாயிலிலேயே சாதியைச் சலித்துவிடுகிறது. பிறகு உள்ளே இருப்பவர்கள் ஒடுக்கப்பட்ட பெண்களைப் பற்றி அக்கறையோடு படம் எடுக்கிறார்கள்.

நம் அரசின் திரைப்பட விருதுகளில் பெண்களை உயர்வாகச் சித்தரிக்கும் படத்துக்கென்று ஒரு பரிசு உண்டு. சித்தரிப்பையே பார்த்துக்கொண்டிருப்பதில் அரசுக்கும் விமர்சகர்களுக்கும் வேறுபாடு அதிகமில்லை. படத்தில் பெண் எப்படி வருகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் படத்தில் பெண் எப்படி வேலை செய்தாள் என்பது விமர்சனத்துக்கு வெளியே இருப்பதாக ஒரு மரபு. சங்கப் பாடலை வாசிக்கும்போது யார் பாடினார், யாருக்குப் பாடினார், என்ன பரிசில் கிடைத்தது என்று கொளு சொல்கிறது. அதையும் சேர்த்தே வாசிக்கிறோம். பரிசில் கிடைக்காமல் திரும்பிய புலவரின் கோபத்தையும் இலக்கியமாக வைத்திருக்கிறது புறநானூறு. சினிமாவை மட்டும் ஏன் கொளு இல்லாமல் வாசிக்க வேண்டும்?

வேறு மாதிரி நடத்த முடியும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1980களில் கேரளத்தில் ஒடேஸா கூட்டமைப்பை நண்பர்களோடு தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். இறந்துபோன தோழனின் அம்மாவுக்குச் செய்தி சொல்லப் போகிறவர்களின் படம் அது, வழியெங்கும் அம்மாக்கள். ஜானைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. அதுவும் ஒரு பீடம்தான். ஆனால் பணம் கொடுத்தவர்களுக்குப் படம் கடன்பட்டிருக்கிறது என்ற கருத்து அந்த முயற்சியில் இருந்தது. இன்று க்ரவுட் ஃபண்டிங் என்று நம்மிடம் வருகிறார்கள். ஐநூறும் ஆயிரமும் கொடுக்கிறோம். கொடுக்கிற கைக்குக் கேட்கிற வாயும் இருக்கலாம்.

என்ன கேட்பது? பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. படப்பிடிப்புக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பில் பெயர். தொகை சின்னதாக இருக்கட்டும், எல்லோருக்கும் இருக்கட்டும். இப்போது தர முடியாவிட்டால் படம் விலைபோகும்போது அல்லது பரிசு வரும்போது எத்தனை பங்கு என்று எழுதட்டும். சமைத்தவர் பெயர் சமையல் என்ற தலைப்பின் கீழ் வரட்டும். லொகேஷன் பார்க்கும்போது வெளிச்சத்தோடு கழிப்பறையையும் பார்க்கட்டும். இரவு வேலை முடிந்தால் பெண்கள் திரும்பிப் போகும் வண்டி செலவுக் கணக்கில் இருக்கட்டும். ஒவ்வொரு சின்னக் குழுவும் தனியாக உள்ளகக் குழு நடத்த முடியாது. ஓர் ஊரின் படக்குழுக்கள், திரைப்பட இயக்கங்கள், காட்சித் தொடர்பியல் துறைகள் சேர்ந்து ஒரு பொதுக் குழு வைக்கலாம். அதில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களில் இந்தக் களத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத வழக்கறிஞர் ஒருவர். மூன்று மாதக் கெடுவைப் பார்க்காமல், படம் முதல் திரையிடலுக்கு வந்து ஒரு வருடம் வரை அந்தக் குழு புகாரைக் கேட்கட்டும். சட்டம் அதைத் தடுக்கவில்லை. விழா நடத்துகிறவர்கள் விண்ணப்பத்தில் படத்தின் நீளம், வடிவம் கேட்பது போல இந்தத் தாள்கள் இருக்கின்றனவா என்று ஒரு வரி சேர்க்கட்டும். சிறு முதலீட்டுப் படங்களுக்கு மானியம் தரும் அரசும் அதையே நிபந்தனையாக்கட்டும்.

இப்படியெல்லாம் விதி போட்டால் கலை செத்துவிடும், எல்லாம் அலுவலகமாகிவிடும் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அலுவலகத்தில் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு இருக்கிறது, ஓய்வறை இருக்கிறது, ஒன்றாம் தேதி சம்பளம் இருக்கிறது. அங்கிருந்து வந்து கவிதை எழுதுகிறோம். கவிதை சாகவில்லை. விதியில்லாத இடத்தில் பலசாலியின் விருப்பமே விதியாக இருக்கிறது. அதைத்தான் இதுவரை கலைச் சுதந்திரம் என்று சொல்லிவந்திருக்கிறோம். இன்னொருவர், இப்படிக் கேட்டால் பெண்களைக் குழுவில் சேர்க்கவே பயப்படுவார்கள் என்றார். கூலியும் கழிப்பறையும் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று பெண்களைத் தவிர்க்கிற ஒருவர் பெண் விடுதலையைப் பற்றிப் படம் எடுக்காதிருப்பது நமக்கு நஷ்டம் இல்லை.

என் துறை மாணவிகள் படப்பிடிப்புக்கென்று விடுப்புக் கடிதம் கொண்டுவந்தால் இப்போது நான் நான்கு விவரங்கள் எழுதிவரச் சொல்கிறேன்: எங்கே, எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், பிரச்சினை என்றால் யாரிடம் சொல்லுவாய். முதல் இரண்டும் உடனே வந்துவிடும். மூன்றாவதற்கு இயக்குநரிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். அப்படிக் கேட்டதாலேயே சிலருக்கு இருநூறு முந்நூறு தினக்கூலி கிடைத்திருக்கிறது. ஒருத்தியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவதற்கு இன்றுவரை ஒருத்தியும் ஒரு பெயரை எழுதிக்கொண்டு வரவில்லை.

திரையிடல் முடிந்ததும் நம் ஊர்களில் ஒரு கலந்துரையாடல் நடக்கும். இயக்குநர் முன்னால் நிற்பார், மைக் கை மாறும், கடைசி ஷாட்டின் குறியீடு பற்றி யாராவது கேட்பார்கள். அடுத்த முறை மைக் உங்கள் கைக்கு வந்தால், இந்தப் படத்தில் எத்தனை பெண்கள் வேலை செய்தார்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கோபப்படாமல், மற்றக் கேள்விகளைக் கேட்கும் அதே குரலில் கேட்டால் போதும்.